பூடில் மடிநாயா?

மேற்குவாசல்:
பிரதமராக இருந்த டோனி பிளேரை, அமெரிக்க அதிபர் ‘புஷ்ஷின் பூடில்’ என்று பிரிட்டனில் கேலி செய்தார்களே, காரணம் எளிது. பூடில் ஒரு மடிநாய். எசமான் மடியில் ஏறும், பிஸ்கட் தின்னும், தூங்கும். 2003இல் புஷ்ஷின் பின்னாலேயே ஈராக் போருக்குப் போனவருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.

குரைக்காதவன்:
மடிநாயாம்! எந்த மடியில் பார்த்தீர்கள்? பூடிலில் பெரிய வகையான ஸ்டாண்டர்ட் பூடிலின் தோள் உயரம் 38 சென்டிமீட்டருக்கு மேல். சுட்டு விழுந்த வாத்தை நீரில் பாய்ந்து கவ்விவர வளர்த்த நாய் அது. நீங்கள் சிரிக்கும் அந்தக் குஞ்சங்கள்கூட நீச்சலுக்காக வந்தவை. நீந்த எளிதாக மயிரை மழித்தார்கள். மார்பும் மூட்டும் விறைக்காதிருக்க அங்கே மட்டும் விட்டுவைத்தார்கள்.

கனகாம்பரம்:
ஐயா, நாயின் உயரமா இங்கே பிரச்சினை? ‘எதுவானாலும் உங்களோடு இருப்பேன்’ என்று 2002 ஜூலையில் புஷ்ஷுக்குக் குறிப்பு எழுதியவர் பிளேர். 2016இல் ஈராக் போர் பற்றிய பிரிட்டனின் சில்காட் விசாரணை அறிக்கையோடு அதுவும் வெளியே வந்தது. அதைப் பேசலாமே.

குரைக்காதவன்:
பேசலாம் அம்மா. முதலில் மேற்குவாசல் ‘மடிநாய்’ என்பதைத் திரும்பப் பெறட்டும். இந்தக் கேலி பிளேரோடு பிறந்ததல்ல. 1907 ஜூன் 26 அன்று, நாடாளுமன்ற மேலவையான பிரபுக்கள் சபையைக் காவல்நாய் என்று புகழ்ந்தவர்களுக்குக் கீழவையான காமன்ஸ் சபையில் அமைச்சர் லாயிட் ஜார்ஜ் பதில் கொடுத்தார். மாஸ்டிஃப் என்ற பெரிய காவல்நாயா? அது எதிர்க்கட்சித் தலைவர் பால்ஃபரின் பூடில் என்றார். அவருக்காகக் கவ்விக்கொண்டு வரும், குரைக்கும், அவர் யார்மீது ஏவிவிட்டாலும் அவரைக் கடிக்கும் என்றும் சேர்த்துச் சொன்னார். கவ்விக்கொண்டு வருவது எந்த ஊர் மடிநாயின் வேலை?

மேற்குவாசல்:
மாஸ்டிஃபுக்கு எதிரே நிறுத்தினார் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பெரிய நாய்க்கு எதிரே சின்ன நாய். மடிநாய். மிக்க நன்றி.

குரைக்காதவன்:
சின்னது என்று அவர் எங்கே சொன்னார்? ஏவினால் கடிக்கும் என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னொரு முறை படியுங்கள். இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் மன்னர் தரப்புத் தளபதியாக இருந்த இளவரசர் ரூபர்ட் வளர்த்த ‘பாய்’ என்ற வெள்ளைப் பூடில் 1644இல் மார்ஸ்டன் மூர் போர்க்களத்தில் செத்தது. அதற்குச் சூனியம் தெரியும் என்று எதிரிகள் துண்டுப்பிரசுரமே அச்சடித்தார்கள். மடியில் படுத்துக்கொண்டா செத்தது? அலாஸ்காவின் இடிடராட் பனிச்சறுக்கு வண்டிப் பந்தயத்தில் ஜான் சூட்டர் என்பவர் பூடில்களைப் பூட்டி ஓட்டியதாவது தெரியுமா?

பழையபேட்டை:
பூடிலில் மிகச் சிறிய வகையான டாய் பூடில் 28 சென்டிமீட்டரைத் தாண்டாது. என் அக்கா வீட்டில் இருப்பது கைப்பைக்குள் உட்கார்ந்து தலையை மட்டும் நீட்டும். அது பூடில் இல்லையா? நாய்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு எல்லாப் பூடில்களையும் துணைநாய்கள் பிரிவில்தான் வைத்திருக்கிறது.

குரைக்காதவன்:
கேலி பிரிட்டனுடையது; நாய் இனங்களைப் பிரித்துப் பதிவு செய்யும் பிரிட்டனின் கென்னல் கிளப்பைப் பாருங்கள். அங்கே டாய் பூடில்கூட டாய் பிரிவில் இல்லை, யூட்டிலிட்டி பிரிவில் இருக்கிறது. பக் என்ற நாய் இனம் சீனாவிலிருந்து வந்ததா, ஹாலந்திலிருந்து வந்ததா என்று முன்பு வாதம் நடந்தபோதும் இவர் அக்காவைத்தான் சாட்சிக்கு அழைத்துவந்தார்.

பழையபேட்டை:
என் அக்காவை இதில் இழுக்க வேண்டாம். அன்று பதில் சொல்லாமல் ஓடியவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

குரைக்காதவன்:
ஓடவில்லை. ஊரில் திருமணம் இருந்தது.

மேற்குவாசல்:
வாதத்தில் தோற்கும் போதெல்லாம் இவர் ஊரில் யாருக்கோ திருமணம் நடக்கிறது. பாவம்.

கனகாம்பரம்:
போரை ஏற்க முடியாது என்று 2003 மார்ச்சில் ராபின் குக் பிளேரின் அமைச்சரவையில் வகித்த பதவியை விட்டார். அவர் பெயரை இங்கே ஒருவராவது சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். கைப்பை, கல்யாணம், அக்கா எல்லாம் வந்துவிட்டன.

குரைக்காதவன்:
குக் நல்ல மனிதர், மறுக்கவில்லை. ஆனால் மேற்குவாசல் இன்னும் ‘மடிநாய்’ என்பதைத் திரும்பப் பெறவில்லை. 2014இல் பிரிட்டனின் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கியதே ஒரு ஸ்டாண்டர்ட் பூடில். அதைத் தூக்கி மடியில் வைத்துப் பாருங்கள், இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

மேற்குவாசல்:
பரிசு வாங்கும்போதும் சிகை அலங்காரத்தோடுதான் நின்றது. மடிநாய்.

குரைக்காதவன்:
மார்பும் மூட்டும் குளிராமல் இருக்க என்று மேலே எழுதியிருக்கிறேன். படித்தீர்களா?

பழையபேட்டை:
கண்காட்சி அரங்குக்குள் எந்தக் குளத்தில் நீந்தியதாம்?