அம்மாவின் மறதி: ரத்தப் பரிசோதனை மட்டும் போதுமா?

கேள்வி:
அம்மாவுக்கு 69 வயது. சொன்னதையே திரும்பச் சொல்கிறார். இப்போது பணம் எண்ணும்போது பாதியில் குழம்பி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். அல்சைமரை ரத்தத்திலேயே கண்டுபிடிக்கலாம், புது ஊசியும் வந்திருக்கிறது என்று படித்தேன். நேராக அந்தப் பரிசோதனைக்கே போய்விடலாமா?

பதில் 1:
அவசரப்படாதீர்கள். நீங்கள் படித்தது, டௌ என்ற புரதத்தின் ஒரு வகையை ரத்தத்தில் அளக்கும் பி-டௌ217 பரிசோதனையாக இருக்கும். அமெரிக்காவில் 2025 மே மாதம் அந்த வகைப் பரிசோதனை ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது, அதுவும் அறிகுறி இருப்பவர்களுக்குத்தான். அல்சைமரில் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதம் இருக்கிறதா என்று அது காட்டும், ஆனால் மறதிக்கு அதுதான் காரணமா என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் மறதியே இல்லாத வயதானவர்கள் பலருக்கும் அமிலாய்டு படிந்திருக்கும். வைட்டமின் பி12, தைராய்டு, மூளை ஸ்கேன் மூன்றையும் முதலில் பாருங்கள். மனச்சோர்வு கூட அப்படியே டிமென்ஷியா (மறதி நோய்) மாதிரி தெரியும். அப்புறம், அம்மா சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள். அலர்ஜிக்கும் தூக்கத்துக்கும் கடையில் வாங்கிப் போடும் சில மாத்திரைகளே வயதானவர்களைக் குழப்பிவிடும்.

பதில் 2:
ஊசியைப் பற்றி. லெகானெமாப் என்ற ஊசியின் சோதனையில் 1,795 பேர் இருந்தார்கள், எல்லாருமே ஆரம்பக் கட்டத்தில் இருந்தவர்கள். 18 மாதத்தில், மருந்து எடுத்தவர்களுக்கு நோய் முற்றும் வேகம் 27 சதவீதம் குறைந்தது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நோயின் தீவிரத்தை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில் அது 0.45 புள்ளி வித்தியாசம்தான். போன நினைவு திரும்பாது. மருந்து எடுத்தவர்களில் எட்டில் ஒருவருக்கு மூளையில் வீக்கம் ஸ்கேனில் தெரிந்தது, பெரும்பாலும் தொந்தரவு இல்லாமல், சிலருக்கு ஆபத்தாக. அல்சைமர் வாய்ப்பைக் கூட்டும் ஏபிஓஇ4 மரபணு இரண்டு பிரதி இருந்தால் இந்த வீக்க ஆபத்து இன்னும் அதிகம், அதனால் அதைப் பார்க்காமல் ஊசிக்குச் சம்மதிக்காதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறார் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேட்டவர்:
நன்றி. அந்தப் பக்கம் நான் யோசிக்கவே இல்லை. தூக்க மாத்திரை ஒன்று தினமும் போடுகிறார். காதும் கொஞ்சம் மந்தம், அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில் 3:
கண்டிப்பாக உண்டு! லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024இல் சொன்ன, டிமென்ஷியாவுக்கான, நம்மால் மாற்றக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளில் காது கேளாமையும் ஒன்று. இன்னொரு சிக்கல், நினைவாற்றல் சோதனையில் ஐந்து வார்த்தை சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். வார்த்தையே சரியாகக் காதில் விழாவிட்டால் மறதி என்று மதிப்பெண் போய்விடும். அதனால் சோதனைக்கு முன்பே காதைப் பார்த்துவிடுங்கள். தூக்க மாத்திரையை மட்டும் நீங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம், டாக்டர் சொல்லும் விதத்தில் மெதுவாகக் குறையுங்கள்.