கீமோ நடக்கும்போது ஆடித் திருவிழாவுக்குப் போகலாமா?

கேள்வி – அம்மாப்பேட்டையிலிருந்து:
எனக்கு மார்பகப் புற்றுநோய், கீமோ நடக்கிறது. சேலம் கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போகாமல் எனக்கு ஒரு ஆடியும் கழிந்ததில்லை. இந்த முறை என் மாமியார் எனக்காகக் கோயிலைச் சுற்றி உருண்டு உருளுதண்டம் போடுவதாக வேண்டியிருக்கிறார். முடி கொட்டத் தொடங்கியதும் வீட்டிலேயே மொட்டை அடித்துக்கொண்டேன். என் நாலு வயசு மகள், “ஆத்தாவுக்கா முடி குடுத்த?” என்று கேட்டு, உச்சந்தலையில் சந்தனத்தை அப்பிவிட்டாள். அப்புறம் எப்படி வீட்டில் உட்கார்ந்திருப்பேன்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில் – குகை:
கண்ணு, நானும் இந்த வழியாக வந்தவள்தான். பொதுவாக கீமோ போட்ட 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் ரொம்பக் குறைந்திருக்கும், தொற்று சுலபமாக ஒட்டிக்கொள்ளும். அப்போது கூட்டமே வேண்டாம். மற்ற நாளில் டாக்டர் சரி என்றால், கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து மாஸ்க் போட்டுப் போய் வா. வெளியில் ஊற்றும் கூழ் வேண்டாம், மோரும் பச்சை வெங்காயமும் கலந்திருக்கும். வீட்டில் காய்ச்சிச் சூடாகக் குடி. காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால் நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. திருநீறு பூசிக்கொண்டே கிளம்பு.

பதில் – ஏற்காடு:
திருவிழாவுக்காக கீமோ தேதியை மட்டும் நீங்களாகத் தள்ளிப்போடாதீர்கள் அக்கா.

கேட்டவர்:
தள்ளமாட்டேன். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் டாக்டரிடம் கேட்கிறேன். போக முடியாவிட்டால் மாவிளக்கு மாவு இடித்து அத்தையிடம் கொடுத்தனுப்புகிறேன். மகளும் கூடப் போவாள்.