எண்ணூர் முகத்துவாரம்: வரைபடம் படிக்கத் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தை இனி என்ன செய்வது என்று எங்கள் ஊர்களில் கருத்துக்கேட்புப் பயிலரங்குகள் நடக்கப்போகின்றன. கையில் கொடுத்திருப்பது 1:25,000 அளவு வரைபடம். தரையில் கால் கிலோமீட்டர், தாளில் ஒரே சென்டிமீட்டர்! பெண்கள் பறிக் கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இடம் இதில் எங்கே தெரியும்?

இன்னும் விவரமாகக் காட்டும் 1:4,000 அளவு வரைபடம் (தாளில் ஒரு சென்டிமீட்டர், தரையில் 40 மீட்டர்) யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். ஜி.ஐ.எஸ். (கணினியில் வரைபடம் தயாரிக்கும் முறை) தெரிந்த ஒருவர் வந்தால், பாடுகள் என்னும் வலை கட்டும் இடங்கள், அலையாத்தி, அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த பகுதிகள் எல்லாவற்றையும் ஊர்ப் பெரியவர்கள் படகில் கூட்டிப்போய்க் காட்டுவார்கள்.

போன கூட்டத்தில் பேச்சு சூடு பிடிக்கும்போதே மைக்கை வாங்கிக்கொண்டார்கள். அதனால் இம்முறை எழுத்திலேயே கொடுக்கிறோம். மனு எழுத ஆள் இருக்கிறது. முகத்துவாரம் பற்றிய ஆங்கில அறிக்கையைப் படித்துத் தமிழில் விளக்க யாராவது முன்வருவீர்களா? ஞாயிறு என்றால் வசதி.