மெல்பர்னிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்: 87 லிட்டர் டேங்க், 2400 கிலோ கேரவன்

கேள்வி: வடக்குநோக்கி

ஜூலை பள்ளி விடுமுறையில் மில்டூரா, ரென்மார்க், போர்ட் அகஸ்டா, கூபர் பெடி வழியாக ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போகத் திட்டம். பெரியவர்கள் இருவர், பிள்ளைகள் இருவர். வண்டி டொயோட்டாவின் 150 வரிசை டீசல் பிராடோ, ஆட்டோமேட்டிக். பின்கதவில் ஸ்டெப்னி இல்லாத மாடல், அதனால் 87 லிட்டர் டேங்க் மட்டும்தான். கேரவன் இரட்டை அச்சு, ஏடிஎம் (சாமானோடு கேரவன் இருக்கக்கூடிய உச்ச எடை) 2400 கிலோ. 80 லிட்டர் தண்ணீர்த் தொட்டி இரண்டு, கேஸிலும் ஓடும் மூவழி ஃபிரிட்ஜ், 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி.

டீசலை எங்கெங்கே போட வேண்டும்? ரோடு டிரெயின்களை, அதாவது பல டிரெய்லர் கோர்த்த நீள லாரிகளை, எப்படிச் சமாளிப்பது? சமையல் நம் வழக்கப்படிதான், ரைஸ் குக்கர் உண்டு. அந்த பேட்டரி தாங்குமா?

பதில்: தார்ரோடு

ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை 1987-லிருந்து முழுக்கத் தார் போட்டது. ரோடு உங்களைப் படுத்தாது. பங்குக்குப் பங்கு உள்ள இடைவெளியும் எதிர்க்காற்றும்தான் படுத்தும். போர்ட் அகஸ்டாவிலிருந்து பிம்பா சுமார் 173 கிமீ, அங்கிருந்து கிளெண்டாம்போ 113, பிறகு கூபர் பெடி 254, அடுத்து மார்லா 234, குல்கேரா 180, எர்ல்டண்டா 75, ஆலிஸ் 200.

இந்த எடையை இழுத்துக்கொண்டு காற்றில்லாத நாளில் மணிக்கு 90-இல் போனால் 100 கிமீக்கு 17 லிட்டர் ஆகும். பலமான எதிர்க்காற்றில் 22-க்கு மேல் போகும். கணக்கை 22-இல் போடுங்கள். பிம்பாவிலிருந்து கூபர் பெடி 367 கிமீ, அதற்கு 81 லிட்டர். உங்கள் டேங்க் 87. அதாவது கிளெண்டாம்போவில் பங்க் மூடியிருந்து, காற்றும் இன்னும் பலமானால் நடுவழியில் நிற்பீர்கள். இதேபோல் மார்லாவில் மூடியிருந்தால் கூபர் பெடியிலிருந்து குல்கேரா 414 கிமீ, அதற்கு 91 லிட்டர். மற்ற இடைவெளிக்கெல்லாம் டேங்க் போதும். பிம்பாவில் விளிம்புவரை நிரப்புங்கள். அங்கிருந்தே கிளெண்டாம்போவுக்குப் போன் போட்டு டீசல் இருக்கிறதா, எத்தனை மணிவரை என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். டெல்ஸ்ட்ரா சிம் வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் ஊருக்கு ஊர்தான் எடுக்கும், நடுவில் எதுவும் எடுக்காது.

கூடவே 20 லிட்டர் கேன் ஒன்று. கேரவனின் பின் பம்பரில் கட்டிவிடலாம்.

பதில்: எடைப்பாலம்

கேனைப் பின் பம்பரில் மட்டும் கட்டாதீர்கள். அச்சுக்கு வெகுதூரம் பின்னால் ஏறும் எடை இழுவைக் கொக்கியை மேலே தூக்கும். கேரவன் வாலாட்ட, அதாவது பக்கவாட்டில் ஊசலாட, ஆரம்பிப்பதற்கு முதல் காரணமே அதுதான். கேனை டிராபாரில் (கேரவனின் முன்னால் நீளும் இழுவைச் சட்டத்தில்) தாங்கி வைத்து, நிமிர்த்தி, இறுக்கிக் கட்டுங்கள், கேஸ் சிலிண்டரைவிட்டுத் தள்ளி. வண்டிக்குள் வேண்டாம்.

உங்கள் பிராடோ 3000 கிலோ இழுக்கும் என்பதால் 2400 சுலபம் என்று நினைக்காதீர்கள். டோபாலில் (கேரவன் மாட்டும், காரின் பின்னுள்ள இரும்பு உருண்டையில்) இறங்கும் எடை, ஏடிஎம்மில் பத்தில் ஒரு பங்கு, சுமார் 240 கிலோ. அது முழுவதும் பிராடோவின் 2990 கிலோ ஜிவிஎம் (ஆள், சாமானோடு கார் இருக்கக்கூடிய உச்ச எடை) கணக்கில் சேரும். டோபால் பின் அச்சுக்கும் பின்னால் இருப்பதால் பின் அச்சில் 240-க்கும் மேலேயே ஏறும், முன் அச்சு லேசாகும், ஸ்டியரிங் மிதக்கும்.

கிளம்பும் கோலத்திலேயே, ஆள், தண்ணீர், டீசல், அரிசி மூட்டை எல்லாம் ஏற்றிக்கொண்டு எடைப்பாலத்துக்குப் போங்கள். முதலில் கேரவனை மாட்டியபடி கார் மட்டும் பலகையில்: 2990-க்குள் வர வேண்டும். அடுத்து கேரவன் சக்கரங்கள் மட்டும். பிறகு கழற்றி, ஜாக்கி வீலோடு (முன்னால் தாங்கும் சின்னச் சக்கரம்) கேரவன் தனியே: அது 2400-க்குள். கடைசி இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் டோபால் எடை. மிஞ்சினால் முதலில் தண்ணீரைக் குறையுங்கள், ஒரு தொட்டி 80 கிலோ. ஆனால் அச்சுக்கு முன்னால் உள்ள தொட்டியைக் காலி செய்தால் டோபால் எடையும் குறையும், அதனால் பின்னால் உள்ளதைக் காலி செய்யுங்கள். இரண்டையும் பாதி பாதி விடாதீர்கள், தண்ணீர் அலம்பும்.

வீல் நட்டை முதல் 100 கிமீக்குள் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி இறுக்க வேண்டும். நிற்கும் இடமெல்லாம் கேரவனின் நான்கு ஹப்பிலும் (சக்கரத்தின் நடுப்பகுதி) புறங்கையை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். மற்ற மூன்றும் இளஞ்சூடாக இருக்க ஒன்று மட்டும் கொதித்தால், பேரிங் போகிறது அல்லது பிரேக் பிடித்தபடி இருக்கிறது. அதோடு அடுத்த ஊருக்கு ஓட்டக் கூடாது, அச்சு முனையே முறிந்து சக்கரம் தனியே போகும். பேரிங் செட் ஒன்று, கிரீஸ், சீல் கையில் இருக்கட்டும். உங்கள் அச்சுக்குப் பொருந்தும் அளவு சிறிய ஊர்க் கடையில் கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது.

பதில்: நாற்பதாம்சேனல்

ரோடு டிரெயின் 53.5 மீட்டர் வரை நீளம். லாரிக்காரர்கள் யுஎச்எஃப் ரேடியோவில் சேனல் 40-இல் இருப்பார்கள், கேரவன்காரர்கள் 18-இல் பேசிக்கொள்வார்கள். 40-ஐத் திறந்தே வையுங்கள். 5-உம் 35-உம் அவசரத்துக்கு மட்டும்.

எதிரே வந்தால் இடதுபக்கம் சற்று ஒதுங்கி, ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், பிரேக் வேண்டாம். முதலில் காற்று வெளியே தள்ளும், லாரி கடந்ததும் உள்ளே இழுக்கும். பின்னாலிருந்து உங்களை முந்த வந்தால் மண்ணில் இறங்காதீர்கள், கல் பறக்கும். அதே வேகத்தில் நேராகப் போங்கள். அவர் வலப்பக்கம் முழுசாக ஏறிய பிறகே ஆக்சிலரேட்டரை லேசாக விடுங்கள், சீக்கிரம் கடந்துவிடுவார்.

கேரவன் வாலாட்டத் தொடங்கினால் காலால் பிரேக் மிதிக்கவே கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, டாஷ்போர்டில் உள்ள பிரேக் கன்ட்ரோலரின் கைப் பட்டனை அழுத்துங்கள். கேரவன் பிரேக் மட்டும் பிடிக்கும், பின்னால் இழுபட்டு நேராகும். அந்தப் பட்டன் எங்கே இருக்கிறதென்று பார்க்காமலே கை போக வேண்டும். காலியான ரோட்டில் 40 கிமீ வேகத்தில் பழகிப் பாருங்கள், பக்கத்து சீட்டில் இருப்பவரும்தான்.

பொழுது சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்பே நின்றுவிடுங்கள். கங்காருவோடு மாடுகளும் வரும், பல இடங்களில் வேலி கிடையாது. பகலில் செத்த கங்காருமேல் கழுகு உட்கார்ந்திருந்தால் வேகத்தை நன்றாகக் குறையுங்கள். பாரமான பறவை, மெதுவாகத்தான் எழும்பும், கண்ணாடி உயரத்தில் வந்து மோதும்.

பதில்: அடுப்படி

ரைஸ் குக்கருக்கு: 700 வாட் என்றால் 12 வோல்ட்டில் 60 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அரை மணிக்கு 30 ஆம்பியர்-அவருக்குச் சற்று அதிகம். உங்கள் லித்தியம் ஒரு வேளைக்குத் தாங்கும், பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் 1000 வாட் சுத்த சைன் இன்வெர்ட்டர் இருந்தால். ஆனால் மின் இணைப்பில்லாத இடத்தில் கேஸ் அடுப்பில் பிரஷர் குக்கர் வைப்பதே மேல். பேட்டரியை விளக்குக்கும் பம்புக்கும் விடுங்கள். பங்கில் நுழையுமுன் ஃபிரிட்ஜின் கேஸ் சுடரை அணைக்க வேண்டும், மறந்துபோகும் விஷயம் இது.

காய்கறி மெல்பர்னிலிருந்து கட்டிக்கொண்டு வராதீர்கள். ரென்மார்க்குக்கு முன்னால் யாம்பா சோதனைச் சாவடியில் பழ ஈ தடுப்புக்காக எல்லா வண்டியையும் நிறுத்துவார்கள். பழம் மட்டுமல்ல, தக்காளி, பச்சை மிளகாய், கத்திரிக்காயும் கொண்டுபோகக் கூடாது, அபராதம் உண்டு. ரென்மார்க்கில் கொஞ்சம், போர்ட் அகஸ்டாவில் மீதி என்று வாங்குங்கள். உலர்ந்த சாமான், பருப்பு, பொடி எல்லாம் வீட்டிலிருந்தே வரலாம்.

ஜூலையில் ஆலிஸில் இரவு உறைநிலைக்குக் கீழே போகும். தண்ணீர்க் குழாயை இரவில் கழற்றி, வடித்து, சுருட்டி வையுங்கள். காலைக் காப்பிக்கு ஒரு வாளி தண்ணீர் உள்ளே இருக்கட்டும், வெயில் ஏறும்வரை குழாய்க்குள் பனிக்கட்டிதான்.