கிராஸ்செக் வந்தா வேண்டாம்னு சொல்லாதீங்க: பெர்லின் வந்திறங்கின கோடெக் எஞ்சினியருக்கு

கேள்வி: சென்னையிலேர்ந்து பெர்லின் வந்து மூணு வாரம் ஆச்சு. ட்ரிபிள் ஈ படிச்சிட்டு பெருங்குடியில ஆறு வருஷம் என்கோடர் (வீடியோவைச் சுருக்கற சாஃப்ட்வேர்) ஆப்டிமைசேஷன் பண்ணேன். இங்க வீடியோ ஸ்டாண்டர்ட்ஸ் டீம். வந்த முதல் வாரமே வேற கம்பெனிக்காரங்க ஸ்டாண்டர்ட்ல சேர்க்கச் சொல்லிக் கொடுத்த ப்ரொபோசலை ஓட்டிப் பார்த்து ரிப்போர்ட் எழுதச் சொல்லிட்டாங்க. சொந்தமா ஒண்ணும் பண்ண விடமாட்டாங்களா? இதுக்கா ஊரை விட்டு வந்தோம்னு இருக்கு. இந்த லைன்ல இருந்தவங்க யாராவது சொல்லுங்களேன். அடுத்த மாசம் மனைவியும் வராங்க.

பதில்: தம்பி, முதல்ல ஒண்ணு கேக்கறேன். மூணு வாரம்னு எழுதியிருக்கீங்களே, ஆன்மெல்டுங், அதான் முகவரிப் பதிவு, முடிச்சாச்சா? குடிவந்த 2 வாரத்துக்குள்ள பதியணும். வாடகை ஒப்பந்தத்தை மட்டும் நீட்டினா திருப்பி அனுப்பிடுவாங்க. நீங்க குடிவந்ததுக்கு வீட்டுக்காரர் கையெழுத்து போட்ட தனி சான்று வேணும். பதிவு ஆனாத்தான் வரி நம்பர் வரும். அது இல்லேன்னா முதல் மாச சம்பளத்துல பிடிக்கிற பிடிப்பைப் பார்த்து நெஞ்சு அடைச்சிடும். பிறகு திரும்பி வந்துடும், ஆனா அந்த மாச வாடகைக்கு யார்கிட்ட போய் நிக்கறது?

இப்ப உங்க வருத்தத்துக்கு வரேன். நான் 2009ல பெர்லின் போய் 14 வருஷம் இதே வேலையில இருந்துட்டு இப்ப நங்கநல்லூர்ல உட்கார்ந்து இதை எழுதறேன். உங்க கையில கொடுத்திருக்கிறதுக்குக் கிராஸ்செக்னு பேர். அது எடுபிடி வேலை இல்ல. இந்தத் தொழிலுக்கு வாசல்படியே அதுதான்.

பெருங்குடியில நீங்க பண்ணதுக்கும் இதுக்கும் ஒரு பெரிய வித்தியாசம். ஸ்டாண்டர்ட்ங்கறது என்கோடரைப் பத்தி ஒண்ணுமே சொல்லாது. பிட்ஸ்ட்ரீம், அதாவது சுருக்கின டேட்டா, எப்படி இருக்கணும், டீகோடர் அதை எப்படிப் பிரிச்சுப் படமாக்கணும், அவ்வளவுதான் அதுல இருக்கும். என்கோடரை அவனவன் சாமர்த்தியத்துக்கு விட்டாச்சு. அந்தச் சாமர்த்தியத்துல நம்ம ஊர் ஒண்ணும் சளைச்சதில்ல. உலகம் பூரா ஓடற எக்ஸ்265 என்கோடரைப் பண்ற மல்டிகோர்வேருக்குச் சென்னையில ஆபீஸே இருக்கு. ஆனா ஸ்டாண்டர்ட்ல ஒரு வரி உள்ள போயிடுச்சுன்னா அது கோடிக்கணக்கான போன்லயும் டிவியிலயும் சிப்பா உறைஞ்சு போயிடும். அப்டேட் போட்டு சரிபண்ற கதையெல்லாம் கிடையாது. அதனாலதான் எவன் சொல்ற நம்பரையும் இன்னொருத்தன் ஓட்டிப் பார்க்காம நம்பறதில்ல.

நம்பர்னு எதைச் சொல்றேன்? 1920×1080 படம், நொடிக்கு 60 ஃப்ரேம், 8 பிட், 4:2:0 (நிற விவரத்தை மட்டும் குறைச்சு வைக்கற வடிவம்). சுருக்காம விட்டா நொடிக்கு கிட்டத்தட்ட 1.5 கிகாபிட். அதைச் சில மெகாபிட்ல அடைக்கணும். 2003ல எச்.264, 2013ல எச்இவிசி, 2020ல விவிசின்னு ஸ்டாண்டர்ட் வந்தது. ஒவ்வொண்ணும் முந்தினதோட பாதி பிட்ரேட்ல அதே தரம்ங்கற இலக்கோட கிளம்பினது. அந்தப் பாதி ஒரே ஐடியாவுல வரல. அரை சதவீதம், முக்கால் சதவீதம்னு பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்தது. ஒரு சதவீதம் கிடைச்சா மீட்டிங் ரூமே நிமிர்ந்து உட்காரும். இதை அளக்கற பிடி-ரேட்டை 2001ல பியோன்டகார்ட்ங்கற நார்வேக்காரர் கொண்டுவந்தார். க்யூபி (எவ்வளவு அழுத்திச் சுருக்கணும்ங்கற எண்) 22, 27, 32, 37ன்னு நாலு புள்ளியில ஓட்டி, அதே தரத்துக்கு எத்தனை சதவீதம் பிட் மிச்சம்னு பார்க்கறது. எல்லாருக்கும் ஒரே ரெஃபரன்ஸ் சாஃப்ட்வேர், ஒரே டெஸ்ட் சீக்வென்ஸ், அதாவது சோதனை வீடியோ. ஊர்ல நீங்க ஸ்பீடைத்தானே பார்த்திருப்பீங்க? இங்க ஒரு சிப்காரர் கையைத் தூக்கி "லைன் பஃபர் (பிக்ஸல் வரிசையைப் பிடிச்சு வைக்கற சிப் மெமரி) எவ்வளவு கூடுது?"ன்னு கேட்டாலே பாதி ப்ரொபோசல் படுத்துடும்.

என் முதல் ப்ரொபோசல் செத்த கதையைச் சொல்றேன். 2011 நவம்பர், ஜெனீவா, எச்இவிசி வேலை மும்முரமா நடந்துட்டிருந்த சமயம். 1.2 சதவீதம் கெய்ன்னு டாக்குமென்ட் போட்டுட்டேன். நேரம் பத்தல, அதனால எல்லா சீக்வென்ஸையும் டீகோட் பண்ணிப் பார்க்கல. 2560×1600ல இருக்கிற டிராஃபிக், பீப்பிள் ஆன் ஸ்ட்ரீட் ரெண்டையும் மட்டும் டீகோட் பண்ணேன். பெருசு ரெண்டும் சரியா வருதே, சின்னது வராமலா போயிடும்னு ஒரு தைரியம். ப்ரெசென்டேஷனுக்கு முந்தின ராத்திரி, கிராஸ்செக் பண்ணிட்டிருந்த வேற கம்பெனிக்காரர்கிட்டேர்ந்து மெயில். டீகோடர் லாக்கை அப்படியே ஒட்டியிருந்தார். எம்டி5 (என்கோடர் படமும் டீகோடர் படமும் ஒண்ணான்னு காட்டற சோதனை எண்) பக்கத்துல ரெண்டு பக்கமும் மூணு மூணு நட்சத்திரம் போட்டு எர்ரர், எர்ரர், எர்ரர்னு வரிசையா.

ஹோட்டல் கட்டில்ல உட்கார்ந்து விடிய விடியத் தேடினேன். கோளாறு இதுதான். படத்தை 64×64 கட்டமா வெட்டித்தான் சுருக்கறது. 1600ஐ 64ஆல வகுத்தா மீதி இல்லாம 25. 1080ஐ வகுத்தா 16 போக 56 மீதி. அந்த அரைகுறை கடைசி வரிசையில மட்டும் என் கோடு, திருப்பிக் கட்டின படத்துக்குப் பதிலா ஒரிஜினல் படத்திலேர்ந்து பிக்ஸலை எடுத்துட்டிருந்தது. டீகோடர்கிட்ட ஒரிஜினல் ஏது? கொஸ்டின் பேப்பரை முன்னாடியே பார்த்துட்டு எழுதின பரீட்சை மாதிரி ஆயிடுச்சு. நான் சரிபார்த்த ரெண்டு சீக்வென்ஸும் 64ஆல சரியா வகுபடற சைஸ், அதனாலதான் தப்பு கண்ணுல படவே இல்ல. திருத்தி ஓட்டினா 0.3கூடத் தேறல. காலையில எழுந்து நின்னு வாபஸ்னு சொன்னேன். சேர்மன் நோட்ஸ்ல ஒரு வரி அடிச்சாங்க, அடுத்த டாக்குமென்ட்டுக்குப் போயிட்டாங்க. அந்த ஒரு வரிதான் ரொம்ப நாள் தூங்க விடல.

அந்த மெயில் அனுப்பினவர் மதியம் காபி வாங்கிக் கொடுத்து, இந்த விளிம்புக் கோளாறுல தானும் ஒரு தடவை விழுந்ததா சொன்னார். அடுத்த மீட்டிங்குக்கு அவரோட ரெண்டு ப்ரொபோசலை நான் கிராஸ்செக் பண்ணேன். நம்ம ஊர் மொய் மாதிரிதான் தம்பி. வச்சாத்தான் திரும்ப வரும். இதுல ஒரு லாபமும் உண்டு. கிராஸ்செக் ரிப்போர்ட்டுக்கும் தனி டாக்குமென்ட் நம்பர் இருக்கு, அதுல உங்க பேர் இருக்கும். மூணு மாசத்துக்கு ஒரு மீட்டிங்னு ஒரு வருஷம் ஓடறதுக்குள்ள நாலஞ்சு கம்பெனிக்காரங்களோட கோடை உள்ளேயிருந்து படிச்சிருப்பீங்க. சம்பளம் வாங்கிட்டுப் படிக்கற படிப்பு. பிறகு உங்க சொந்த ப்ரொபோசலைக் கொண்டுபோனா, ரூம்ல நாலு பேருக்கு உங்க முகம் தெரியும், உங்க நம்பர் மேல நம்பிக்கையும் இருக்கும்.

நம்ம பசங்க கோடு நல்லா எழுதுவாங்க, காபி பிரேக்ல மட்டும் மூலையில நின்னு போனை நோண்டுவாங்க. நானும் நோண்டினவதான். ப்ரெசென்டேஷனுக்குச் சில நிமிஷந்தான் கிடைக்கும். பேச வேண்டியதையெல்லாம் காபி டேபிள்லதான் பேசணும்.

ப்ரொபோசல் நிராகரிச்சா மனசு விடாதீங்கன்னு சும்மா ஆறுதலுக்குச் சொல்லல. படத்தைச் சுருக்கறதுக்கு அடிப்படையான டிசிடி கணக்கு ஐடியாவை நசீர் அகமது 1972ல அமெரிக்காவுல ஆராய்ச்சிக்கு நிதி கொடுக்கற என்எஸ்எஃப்கிட்ட எழுதிக் கொடுத்தப்ப நிதி கிடைக்கல. 1974 ஜனவரியில அகமது, நடராஜன், ராவ் மூணு பேர் பேர்ல பேப்பர் வந்தது. ஜேபெக்லேர்ந்து விவிசி வரைக்கும் அதோட குடும்பம் இல்லாத இடமில்ல. அந்த கே.ஆர். ராவ் 1952ல நம்ம கிண்டி காலேஜ்ல பி.இ. முடிச்சவர். சர்தார் படேல் ரோடுல தினம் பஸ்ல போறவங்கள்ல எத்தனை பேருக்கு இது தெரியும்னு எனக்கு ஒரு குறை உண்டு.

அடுத்தது பேட்டன்ட். இதை யாரும் முதல் நாள் சொல்லித் தரமாட்டாங்க. ஐரோப்பாவுல கண்டுபிடிப்பை வெளியிட்ட பிறகு பேட்டன்ட் போடறதுக்குச் சலுகைக் காலம்னு ஒண்ணு கிடையாது. மீட்டிங் டாக்குமென்ட் யார் வேணா பார்க்கற மாதிரி வெளியில வந்துடும், அதனால அப்லோட் பண்றதுக்கு முன்னாடியே ஃபைல் பண்ணியிருக்கணும். கடைசி வாரம் ஆபீஸ்ல எல்லாரும் பேய் பிடிச்ச மாதிரி அலையறது இதனாலதான். ஜெர்மன் சட்டப்படி கண்டுபிடிப்பை முதலாளிக்கு எழுத்துல தெரிவிக்கணும். 4 மாசத்துக்குள்ள அவங்க விட்டுக் கொடுக்கலேன்னா அது அவங்களுக்குப் போயிடும். அதுக்கு நியாயமான தொகை கேக்கற உரிமை உங்களுக்கு இருக்கு. இது கருணை இல்ல, சட்டம். தெரிவிச்ச தாளோட நகலை வீட்டுல வைங்க. யார் பங்கு எவ்வளவு சதவீதம்னு அந்தத் தாள்ல எழுதும்போதே வாயைத் திறங்க. "பார்த்துப் போடுங்க சார்"னு விட்டா போட்டுடுவாங்க, உங்களைக் கடைசியில.

பாஸ்போர்ட் புதுப்பிக்கறப்ப 60 பக்கம் கேளுங்க. ஜெர்மன் ரெசிடென்ஸ் கார்டு இருந்தா ஜெனீவாவுக்குத் தனி விசா வேண்டாம். அமெரிக்கா, ஜப்பான், சீனான்னு மீட்டிங் வந்தா ஐரோப்பாக்காரன் டிக்கெட் போடற அன்னிக்கு நீங்க விசா க்யூவுல நிப்பீங்க. ஜூலை மீட்டிங்குக்கு ஜனவரியிலேயே மேனேஜர்கிட்ட சொல்லிடுங்க.

உங்ககிட்ட ப்ளூ கார்டு (படிச்ச வெளிநாட்டுக்காரங்களுக்கான வேலை அனுமதி) தானே? 27 மாசத்துல நிரந்தரமா தங்கற அனுமதி கேட்கலாம், ஜெர்மன் மொழியில பி1 நிலை முடிச்சா 21 மாசத்துல. ஆபீஸ்ல எல்லாம் இங்கிலீஷ்தான்னு மொழியை ஒத்திப்போட்டு நான் ஏமாந்தேன். மனைவி வரதுக்கு ஜெர்மன் பரீட்சை தேவையில்ல, வந்ததும் வேலைக்கும் போகலாம். பிரிட்ஸ் பக்கம் ஈழத் தமிழர்கள் கட்டின மயூரபதி முருகன் கோயில் இருக்கு. அவங்க கடைகள்ல முருங்கைக்காய், கறிவேப்பிலை, அரிசி மாவு எல்லாம் கிடைக்கும். "கனகாலம் காணேல்ல"ன்னு அவங்க கேக்கறப்ப முதல்ல முழிப்பீங்க, பிறகு நீங்களே அப்படிப் பேச ஆரம்பிச்சிடுவீங்க.

வீட்டுல என்ன வேலைன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு எனக்கும் பல வருஷம் தெரியல. ஒரு மார்கழியில அம்மா வீடியோ கால்ல வாசல் கோலத்தைக் காட்டினாங்க. போனை நகர்த்த நகர்த்தக் கோலம் முழுக்கச் சாம்பல் நிறத்துல கரைஞ்சு போச்சு. "கொஞ்சம் ஆட்டாம பிடிம்மா"ன்னேன். ரெண்டு மூணு நொடியில புள்ளி புள்ளியா, அப்புறம் இழை இழையா எழுந்து வந்தது. படம் ஆடும்போது இருக்கிற பிட்டெல்லாம் அசைவுக்கே செலவாயிடும். நின்னாத்தான் மெல்லிசுக் கோட்டுக்கு மிச்சம் கிடைக்கும். அதைத்தான் சரிபண்றேன்மான்னு சொன்னேன். அம்மா ஒத்துக்கல. நெட்டு ஸ்லோன்னுட்டாங்க.

கேள்வி: அக்கா, ரொம்ப நன்றி. ஆன்மெல்டுங்குக்கு வியாழக்கிழமை அப்பாயின்ட்மென்ட் கிடைச்சாச்சு. ஆனா இங்க ஒரு சிக்கல். அந்த கிராஸ்செக்ல ஒரே ஒரு சீக்வென்ஸ்ல எம்டி5 எர்ரர் வருது. பெரிய கம்பெனி ப்ரொபோசல். நான் புது ஆளு. ரிப்போர்ட்ல போட்டா தப்பா எடுத்துப்பாங்களா?

பதில்: போடாம விட்டாத்தான் தப்பா எடுத்துப்பாங்க. ஆனா நேரா அப்லோட் பண்ணிடாதீங்க. முதல்ல உங்க பில்டை ஒரு தடவை க்ளீனா எடுத்துத் திரும்ப ஓட்டுங்க, பாதி நேரம் தப்பு நம்ம பக்கமே இருக்கும். அப்பவும் வந்தா எழுதினவருக்குத் தனியா மெயில் போடுங்க. எந்த சீக்வென்ஸ், எந்த க்யூபி, எத்தனாவது ஃப்ரேம், லாக் ஃபைல். விமர்சனமா ஒரு வார்த்தை வேண்டாம். டெட்லைன் எப்பன்னு நீங்க சொல்லலை, ஒரு நாள் இருந்தாக்கூட அவருக்குப் போதும். திருத்தி அனுப்பினா ரெண்டு ரிசல்ட்டையும் ரிப்போர்ட்ல போடுங்க. அனுப்பலேன்னா பார்த்ததை அப்படியே போடுங்க. அந்த சீக்வென்ஸ் 1080பியா? அப்படின்னா கடைசி வரிசையைப் பார்க்கச் சொல்லுங்க.