அதிமதுரம் தினமும் குடிக்கலாமா?

கேள்வி: தொண்டைக் கட்டுக்காக அதிமதுரக் கஷாயம் குடிக்க ஆரம்பித்தேன். தொண்டை நாலே நாளில் சரியாகிவிட்டது. ஆனால் அந்த இனிப்பை விட மனமில்லை. 3 வாரமாகத் தினம் 2 டம்ளர். இப்போது கணுக்கால் வீங்குகிறது, பிரஷர் 150/95. மூலிகை இப்படியும் செய்யுமா?

பதில் 1: செய்யும். அதிலுள்ள கிளிசிரைசின் என்ற இனிப்புப் பொருள் உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கிவைத்து, பொட்டாசியத்தை வெளியேற்றிவிடும். இன்றே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். நெஞ்சு படபடத்தாலோ கை கால் தளர்ந்தாலோ நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

பதில் 2: இருமலுக்கும் வயிற்றுப் புண்ணுக்கும் காலங்காலமாகக் கொடுத்ததுதான். ஆனால் கர்ப்பிணிகளுக்கும், நீர் பிரிய மாத்திரை போடுபவர்களுக்கும் ஆகாது.

கேட்டவர்: அட, அந்த மாத்திரை நானும் போடுகிறேனே! சரி, டம்ளரைக் கவிழ்த்தாயிற்று. டாக்டரிடம் கிளம்புகிறேன்.