புதுப்பிப்பு: தங்கையின் இம்யூனோகுளோபுலின் கிளெய்ம் பாஸ் ஆகிவிட்டது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நோயெதிர்ப்புக் குறைபாடுள்ள தங்கையைக் கோத்தகிரியிலிருந்து கோவைக்குக் கூட்டிப்போய் மாதாமாதம் இம்யூனோகுளோபுலின் (நோயை எதிர்க்கும் புரதங்கள் கொண்ட மருந்து) ஏற்றுகிறோம். 24 மணி நேர அட்மிஷன் இல்லையென்று காப்பீட்டு நிறுவனம் பில்லைத் திருப்பியதைத்தான் கேட்டிருந்தேன்.

பலித்தது நீங்கள் சொன்ன டே-கேர் யோசனை, அதாவது ஒரே நாளில் முடிகிற சிகிச்சையாகக் கிளெய்ம் செய்வது. டாக்டரிடம் புதுக் கடிதம் வாங்கினோம்: நோயின் பெயர், எடை 50 கிலோ, கிலோவுக்கு 400 மில்லிகிராம், ஆக 20 கிராம். 5 கிராம் குப்பி எதற்கு நான்கு என்ற காப்பீட்டு நிறுவனத்தின் கேள்விக்கு அதிலேயே பதில் இருந்தது. குப்பிகளின் பேட்ச் ஸ்டிக்கர் ஒட்டிய டிஸ்சார்ஜ் சம்மரியோடு மறுபடி அனுப்பினோம், பணம் வந்துவிட்டது.

எதிர்பாராதது: கையுறை வகையறாவுக்குக் கழித்துக்கொண்டார்கள். சரி, அதற்கெல்லாம் யார் மல்லுக்கட்டுவது!

காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மேனிடம் போக நேர்ந்தால், முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதம் பதில் இல்லையென்றால் ஆம்பட்ஸ்மேனின் சென்னை அலுவலகத்துக்கு எழுதலாம், கட்டணம் கிடையாது.